இருநூற்று நாற்பது ஷாட்

சிவகாசியில் இருக்கும் ஸ்ரீ சர்வலோகப் பிரகாசம் பட்டாசுத் தொழிலகத்தின் அலுவலகத்துக்கு யார் போனாலும் முதலில் செருப்பைக் கழற்ற வேண்டும். அப்புறம் பன்னீர் தெளிப்பார்கள். அதற்கும் அப்புறம்தான் ஆகாய தரிசன மண்டபத்துக்குள் விடுவார்கள்.

மண்டபம் என்பது பழைய லேபிள் குடோன்தான். ஜன்னல்களை அடைத்து, சுவரெல்லாம் கறுப்பு வெல்வெட் திரை தொங்கவிட்டு, எண்பத்தைந்து இஞ்ச் டிவி ஒன்றை மாட்டி, எதிரே கல்யாண மண்டபத்துச் சிம்மாசனம் மாதிரி நான்கு நாற்காலிகளைப் போட்டு, முதலாளி சீனிவாசகம் அதற்குத் தானே பெயர் வைத்துத் தானே திறந்தும் வைத்தார். வாசல் கல்வெட்டில் தலைமை, முன்னிலை, திறப்பாளர் என்று மூன்று இடத்திலும் அவர் பெயர்தான் இருந்தது. வாழ்த்துரைக்கு மட்டும் மாவட்டத்தில் வேறு ஆளைத் தேடி, கிடைக்காமல், அந்த வரியைப் பொறிக்காமல் காலியாக விட்டிருந்தார்கள்.

வெளியூர் வியாபாரிகள் ஆடியில் வந்து தீபாவளிக்கு ஆர்டர் கொடுப்பார்கள். வருவது பகலில். பகல் வானத்தில் வெடித்துக் காட்டினால் புகையும் காக்காய் பறப்பதும்தான் தெரியும். அதனால் ராத்திரியில் வெடித்துப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, இருட்டு மண்டபத்தில் உட்கார வைத்துக் காட்டுவது ஏற்பாடு. படம் எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்டால் சீனிவாசகம் ஒரு விரலை மேலே காட்டி, "சர்வர்" என்பார். அதற்கு மேல் கேட்கிற தைரியம் எந்த வியாபாரிக்கும் வந்ததில்லை.

சர்வர் திரைக்குப் பின்னால் ஒரு முக்காலியின் மேல் இருந்தது. படம் ஓட்டுகிற பானுப்பிரியா பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த லேப்டாப் அது. ஒரு கீல் ஒடிந்து, ரப்பர் பேண்டில் நின்றுகொண்டிருந்தது. பக்கத்து முக்காலியில் பானுப்பிரியா. சுவருக்கும் திரைக்கும் நடுவே இரண்டரை அடி. ஏசி திரைக்கு அந்தப் பக்கத்தோடு நின்றுவிடும். இந்தப் பக்கம் ஒரு டேபிள் ஃபேன் இருந்தது. அதுவும் லேப்டாப்பின் அடிவயிற்றைப் பார்த்துத்தான் திரும்பியிருக்கும். வியாபாரிகள் இருக்கும்போது அவள் இருமக்கூடாது என்பது மண்டபத்தின் விதி.

இப்படி ஒரு ஏற்பாடு எதற்கு, பென் டிரைவை டிவியின் முதுகில் சொருகினால் தானே ஓடாதா என்று பானுப்பிரியாவே சேர்ந்த புதிதில் கேட்டாள். பென் டிரைவ் என்ற சொல்லைக் கேட்டதும் சீனிவாசகத்துக்கு முகம் கறுத்தது. மூன்று வருடத்துக்கு முன் யாரோ அவருடைய புது ரகத்துப் படத்தைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டுபோய், எதிர் கம்பெனி அதே ரகத்தை அதே சீசனில் போட்டுவிட்டதாம். அன்றிலிருந்து கேட்டில் தீப்பெட்டிக்கு எவ்வளவு சோதனையோ அவ்வளவு சோதனை பென் டிரைவுக்கும். புது லேப்டாப் வாங்கலாமே என்றதற்கு, லினக்ஸ் போட்ட மெஷினில் வைரஸ் வராது என்று அவரே ஒரு விளக்கம் சொன்னார். அது அவள் சொல்லி அவருக்குத் தெரிந்த விஷயம்.

அவள் அச்சங்குளத்துக்காரி. பள்ளிக்கூடத்தில் இதே லேப்டாப்பில் ஒரு கார் ரேஸ் கேமை ஓட்டிக் காட்டியதிலிருந்து ஊரில் அவளுக்குப் பெயர். அந்தக் கேம் அதில் ஓடவே ஓடாது என்று கடைக்காரர்கள் கைவிரித்தபோது, அவள் லினக்ஸை உரித்து, மினுக்கும் ஜன்னல், ஆடும் மெனு என்று அலங்காரமாக இருந்ததையெல்லாம் கழற்றி எறிந்து, ஓட வைத்தாள். அவள் டிகிரி முடித்ததும் அந்தப் பெயரை வைத்துத்தான், இதே கம்பெனியில் ஷாட் பெட்டிக்குக் குழாய் அடுக்குகிற அவள் அம்மா வேலுத்தாய், முதலாளியிடம் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்தாள். சேர்ந்த அன்றே ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைச் சீனிவாசகம் வாங்கித் தன் பீரோவில் வைத்தார். வீட்டில் வைத்தால் கரையான் அரிக்கும் என்றார். இரண்டு வருடமாகக் கரையான் அரிக்காமல் அவை பீரோவில் இருந்தன.

இந்த ஆடியில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு கம்பெனி அவளை வேலைக்கு எடுத்தது. லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. மேலே விரல் காட்டுகிற சர்வர் அல்ல, நிஜமானது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லா ஒரிஜினலோடும் நேரில் நிற்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள் என்று கடிதத்திலேயே போட்டிருந்தது. அவள் மூன்று தடவை முதலாளியிடம் கேட்டாள். முதல் தடவை, சாவி சம்பந்தி வீட்டில் இருந்தது. இரண்டாம் தடவை, அன்றைக்கு அஷ்டமி. மூன்றாம் தடவை, இருக்கன்குடி கோயிலுக்குப் போய்விட்டு வந்து பேசலாம் என்றார். போய்விட்டு வந்து பேசவில்லை.

திங்கள்கிழமை மத்தியானம், வியாபாரி யாரும் இல்லாத நேரத்தில், அவள் திரைக்குப் பின்னால் கார் ரேஸ் ஆடிக்கொண்டிருந்தாள். கார் அதே வட்டத்தில் இருபதாவது தடவையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. திரை விலகியதை அவள் கவனிக்கவில்லை.

"கேம் வழுக்கிக்கிட்டு ஓடுதே," என்றார் சீனிவாசகம், அவள் தோளுக்கு மேலிருந்து. "எம் வெடி மட்டும் ஏன் தாயி ஒட்டிக்கிட்டு ஓடுது?"

ஒட்டுவது உண்மை. 'தேவலோக விஜயம் 240' என்பது இந்த வருடத்து ராஜ ரகம். ஒரு பெட்டி, ஒரு திரி, இருநூற்று நாற்பது ஷாட். ட்ரோன் வைத்து எடுத்த படம், நாதஸ்வரம் சேர்த்தது. டிவியில் போட்டால் நாதஸ்வரம் நில்லாமல் போகும். வெடி மட்டும் பூவாக விரிவதற்குள் பாதியில் உறைந்து நிற்கும், பிறகு நாலு பூவைத் தாண்டிக் குதித்துப் போய் வேறெங்கோ வெடிக்கும். போன வாரம் ஒரு வியாபாரி, வெடி நமத்துப் போச்சா என்று கேட்டுவிட்டாராம்.

சீனிவாசகம் சிம்மாசனம் ஒன்றில் உட்கார்ந்து, தீர்ப்பு சொல்கிற குரலில் சொன்னார். "புதங்கிழம தேனி சங்கிலிமுத்து அண்ணாச்சி வாராக. அவுக முன்னால வெடி ஒட்டாம ஓடணும். ஓடுச்சுன்னா, அன்னைக்கே ஒன் சர்டிபிகேட்டு ஒன் கையில. ஒட்டுச்சுன்னா, தீவாளிக்கு அப்புறம் பேசுவோம்."

பானுப்பிரியாவுக்கு அவர் கேட்ட கேள்வியிலேயே வழி கிடைத்துவிட்டது. கேம் ஓடுகிறது என்றால் கிராபிக்ஸ் சிப் உயிரோடுதான் இருக்கிறது. படம் ஓடவில்லை என்றால் படத்தின் வேலை அதனிடம் போகவில்லை. தோண்டிப் பார்த்தாள். ட்ரோன்காரர் படத்தைப் புது முறையில் இறுக்கிச் சுருட்டிக் கொடுத்திருந்தார். அந்தச் சுருட்டலைப் பிரிக்க இந்தப் பழைய சிப்புக்குத் தெரியாது. அதனால் நோஞ்சான் பிராசஸர் தன்னந்தனியாக எல்லாவற்றையும் பிரிக்க முயன்று, மூச்சு வாங்கி, நடுவில் பிரேம்களைக் கீழே போட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கி, சிப்புக்குத் தெரிந்த பழைய முறையில் மறுபடி சுருட்டினாள். மூன்று நிமிடப் படத்துக்கு ஐந்து மணி நேரம் பிடித்தது. சரியான டிரைவரைப் போட்டு, படம் பிரிக்கிற வேலையைச் சிப்பின் தலையில் கட்டினாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் போட்டுப் பார்த்தபோது தேவலோக விஜயம் எண்ணெயில் விட்ட மாதிரி ஓடியது. பிராசஸர் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தது. டேபிள் ஃபேனை அவள் முதல் தடவையாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

புதன்கிழமை பன்னிரண்டு மணிக்குச் சங்கிலிமுத்து வந்தார். ஒல்லியான ஆள், பேச்சு குறைவு. முப்பது வருடமாகப் பட்டாசு வாங்கி விற்கிறவர். பன்னீரைத் துண்டால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சீனிவாசகம் தேவலோக விஜயத்தைப் பற்றிப் பதினைந்து நிமிடம் உரையாற்றினார். இந்திரன் வந்து பார்த்தாலும் இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும் என்கிற அளவில் அது முடிந்தது. அப்புறம் இரண்டு தடவை கை தட்டினார். அதுதான் பானுப்பிரியாவுக்குச் சமிக்ஞை.

படம் ஓடியது. ஒரு இடத்தில் நிற்கவில்லை, ஒரு பூவை விழுங்கவில்லை. திரையின் ஓட்டை வழியாகப் பானுப்பிரியா முதலாளியின் முகத்தைப் பார்த்தாள். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அவளுக்கே ஒரு கணம் அவரைப் பிடித்துப் போயிற்று. அப்புறம்தான் சங்கிலிமுத்துவின் கையைப் பார்த்தாள். கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கைக்குப் பன்னிரண்டு கணு. பன்னிரண்டு முடிந்தால் அடுத்த கையில் ஒரு கணு. மைதானத்தில் வெடித்துப் பார்க்கும்போது பழைய வியாபாரிகள் ஷாட்டை அப்படித்தான் எண்ணுவார்கள்.

படம் முடிந்து விளக்கைப் போட்டார்கள்.

"நூத்தித் தொண்ணூத்தெட்டு," என்றார் சங்கிலிமுத்து.

"என்ன அண்ணாச்சி?"

"பெட்டில எரநூத்தி நாப்பதுன்னு போட்டுருக்கு. வெடிச்சது நூத்தித் தொண்ணூத்தெட்டு."

பானுப்பிரியாவுக்கு நினைவு வந்தது. பெட்டியில் ஓரத்து வரிசைகளில் குழாய் வைக்காமல் காலியாக விட்டு அட்டையை மடித்துச் சொருகச் சொல்லி ஆர்டர் வந்திருப்பதாக, ஆனியிலேயே அம்மா சோறு தின்னுகிறபோது சொல்லியிருந்தாள். கேட்டுவிட்டு அவளும் தின்றாள். இதுவரை வந்த எந்த வியாபாரியும் எண்ணியதில்லை. எண்ணவும் முடிந்ததில்லை, விட்டு விட்டு ஓடுகிற படத்தில் எதை எண்ணுவது? இந்த அம்மணத்துக்கு இத்தனை நாள் போர்வையாக இருந்தது அந்த ஒட்டல்தான். அதை உட்கார்ந்து, ஐந்து மணி நேரம் செலவழித்து, அவளே உரித்துப் போட்டிருக்கிறாள்.

சீனிவாசகம் சிரித்தார். டிவி பல ஷாட்டுகளை முழுங்கிவிடும் என்றும், மேலே சர்வரிலிருந்து படம் வரும்போது வழியில் கொஞ்சம் சிந்தும் என்றும் சொன்னார்.

"சிந்துன மாதிரித் தெரியலையே அண்ணாச்சி. வழுவழுன்னுல்ல ஓடுச்சு."

"இருங்க, நம்ம டெக்னிக்கல் டைரக்டரையே கேட்டுருவோம்." அந்தப் பதவி தனக்கு இருப்பது பானுப்பிரியாவுக்கு அப்போதுதான் தெரியும். சீனிவாசகம் திரையை விலக்கினார். வேர்வையும் ரப்பர் பேண்டுமாகச் சர்வர் வெளிச்சத்துக்கு வந்தது. "சொல்லு தாயி. படம் ஒட்டுச்சா, ஒட்டலையா?"

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். ஒட்டியது என்றால், ஒப்பந்தப்படி சர்டிபிகேட் தீபாவளிக்கு அப்புறம். ஒட்டவில்லை என்றால், முதலாளி பெட்டியில் நாற்பத்திரண்டு ஷாட் திருடியது உண்மை. அப்புறம் அவர் பீரோவைத் திறப்பது எந்தத் தீபாவளிக்கும் நடக்காது. அம்மாவும் நாளை காலை கேட்டில் நிறுத்தப்படுவாள். இரண்டு வாசலையும் அவரே ஒரே கேள்வியில் பூட்டிவிட்டு, பாசத்தோடு சிரித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு வாட்டி பாத்துச் சொல்ல முடியாதுங்க," என்றாள் பானுப்பிரியா. "இன்னொரு வாட்டி போட்டாத்தான் தெரியும். அதுக்கு முதலாளி கொஞ்சம் உள்ள வரணும். செட்டிங் பாக்கணும்."

இரண்டரை அடி இடைவெளிக்குள் சீனிவாசகம் பக்கவாட்டில் நுழைந்தார். தொப்பை திரையில் சிக்கியது. மூச்சை இழுத்துக்கொண்டு, சுவரோடு சுவராக நின்று, என்ன என்று கண்ணால் கேட்டார். பழைய படம் இன்னும் அழியாமல் இருக்கிறது, அதைப் போட்டால் பழையபடி விட்டு விட்டுத்தான் ஓடும், எண்ணிக்கை இன்னும் குறையும், இரண்டு எண்ணிக்கையும் வேறு வேறாக வந்தால் குற்றம் டிவியின் மேல் போய்விடும் என்று அவள் காதோடு சொன்னாள். சீனிவாசகத்தின் முகத்தில், இந்திரனே வந்து நாற்காலி கேட்ட மாதிரி ஒரு வெளிச்சம்.

"போடு."

"சர்டிபிகேட்டு."

"நாளைக்கு."

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே சங்கிலிமுத்து தொண்டையைச் செருமினார். சீனிவாசகம் வந்த வழியே பக்கவாட்டில் வெளியேறி, ஆர்டர் ஃபைல் எடுத்து வருவதாக வியாபாரியிடம் அறிவித்துவிட்டுப் போனார். திரும்பி வந்து ஒரு பழுப்பு ஃபைலைத் திரையின் இடுக்கில் நீட்டினார். நாடா கட்டி, மேலே அவர் கையாலேயே எழுதியிருந்தது: 'பானுப்பிரியா, ஒரிஜினல், 11.'

அவள் பழைய படத்தைப் போட்டாள். பிராசஸர் மூச்சு வாங்க ஆரம்பித்தது. நாதஸ்வரம் போக, வெடி நிற்க, பூ பாதியில் தொங்க, நாலு பூ காணாமல் போக, சங்கிலிமுத்துவின் கட்டைவிரல் கணுவில் ஏறி, திகைத்து நின்று, மறுபடி ஏறியது. அந்த விட்டு விட்டு வந்த வெளிச்சத்தில் பானுப்பிரியா நாடாவை அவிழ்த்தாள். பத்தாம் வகுப்பு. பதினொன்று. பன்னிரண்டு. செமஸ்டர் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அதற்குக் கீழே, கனம் தெரிவதற்காக மடித்து வைத்த லேபிள் அட்டை. கடைசி இரண்டு செமஸ்டர் இல்லை. டிகிரி இல்லை. சாதிச் சான்றிதழ் இல்லை.

அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தேவலோக விஜயத்தின் பெட்டிக்குச் சொருகுகிற அதே அட்டை. பிறகு ஸ்பேஸ் பாரைத் தட்டினாள்.

டிவியில் ஒரு சிவப்புப் பூ பாதி விரிந்தபடி நின்றது. நாதஸ்வரமும் நின்றது.

"பாத்தீகளா அண்ணாச்சி," என்றார் சீனிவாசகம் சந்தோஷமாக. "எப்படி ஒட்டுது பாருங்க." அரை நிமிடம் ஆயிற்று. பூ அசையவில்லை. "போதும் தாயி, தட்டிவிடு."

பானுப்பிரியா எழுந்து திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஃபைல்ல நாலு சர்டிபிகேட்டு கொறையுது முதலாளி. அது வந்தாத்தான் மிச்சம் ஓடும்."

சீனிவாசகம் சங்கிலிமுத்துவைப் பார்த்துச் சிரித்தார். வீட்டுப் பிள்ளை மாதிரி வளர்க்கிறோம், விளையாட்டுக் குணம் என்றார். சங்கிலிமுத்து சிரிக்கவில்லை.

"எம்புட்டு இருக்கணும்மா?"

"பதினொண்ணு. ஏழுதான் இருக்கு."

அவர் கட்டைவிரல் பழக்க தோஷத்தில் கணுவில் நான்கு ஏறி நின்றது. தொங்குகிற பூவைப் பார்த்தார். சீனிவாசகத்தைப் பார்த்தார். "குடுத்துருங்க அண்ணாச்சி," என்றார். "நான் மூணு மணிக்குள்ள கெளம்பணும்."

ஆகாய தரிசன மண்டபத்தில் ஒரு வியாபாரி முதலாளிக்கு வேலை சொன்னது அதுதான் முதல் தடவை. சீனிவாசகம் போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. நான்கு தாளையும் கொண்டுவந்து, பட்டமளிப்பு விழா மாதிரி இரண்டு கையாலும் நீட்டி, நல்லா இரு என்று வாழ்த்தவும் செய்தார். கல்வெட்டில் விட்டுப்போன வாழ்த்துரையை அன்றைக்கு அவரே முடித்துவைத்தார் என்று சொல்ல வேண்டும்.

மிச்சம் ஓடி முடிந்தது. நூற்று முப்பத்தொன்று. முதல் தடவை ஒரு கணக்கு, இரண்டாம் தடவை வேறு கணக்கு, ஆக டிவிதான் திருடன் என்று சீனிவாசகம் நிரூபித்தார். சங்கிலிமுத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, போன வருடம் எடுத்த அதே அளவு லோடுக்கு ஆர்டர் எழுதச் சொன்னார். எழுந்து துண்டை உதறிக்கொண்டு, கடைசியாக ஒன்று கேட்டார்.

"ரெண்டாவதா ஓடுச்சே, அந்தப் படத்துல எனக்கொரு காப்பி வேணும். கடைல போட்டுக்கிறேன். மொதப் படம் வேண்டாம்."

சீனிவாசகம் ஒரு கணம் யோசித்தார். பிறகு சிம்மாசனத்தின் கைப்பிடியில் தட்டி, மேனேஜரைக் கூப்பிட்டு, பத்துப் பென் டிரைவ் வாங்கி வரச் சொன்னார்.

பானுப்பிரியா ஃபைலைக் கட்டிக்கொண்டு நின்றாள். லேப்டாப் கம்பெனியோடது என்று அவர் சொல்லும் முன்பே, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். நாளைக்கு வேலூர்க்காரர்கள் வருகிறார்களே, யார் பார்த்துக்கொள்வது என்றார் அவர்.

"ஆளே வேண்டாம் முதலாளி. பழைய படத்தப் போட்டு விட்டா, நீங்க நெனைக்கிற மாதிரி அதுவே ஓடும்."

அவள் செருப்பைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது சீனிவாசகம் வாசல் வரை வந்தார். நலம் விசாரிக்கிற குரலில் கேட்டார். "ஒங்க ஆத்தா இன்னைக்கு வேலைக்கு வந்திருக்கால்ல?"

"வந்திருக்குங்க."

"நல்லது," என்றார்.

பஸ் ஸ்டாண்டில் சாத்தூர் பஸ்ஸும் மதுரை பஸ்ஸும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. சாத்தூரில் இறங்கி அச்சங்குளம் போனால் இருட்டுவதற்குள் மேனேஜரின் பைக் வீட்டு முன்னால் நிற்கும், பின்னால் அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு. அம்மா அழுவாள். அம்மா அழுதால் ஃபைல் மறுபடி பீரோவுக்குப் போய்விடும். அது பானுப்பிரியாவுக்குத் தெரியும். மதுரையில் கோயம்புத்தூருக்கு மாறிக்கொள்ளலாம் என்று மதுரை பஸ்ஸில் ஏறினாள். மாற்றுத் துணி இல்லை, இன்றைக்குப் புதன்தான், வெள்ளிக்கு இன்னும் இரண்டு ராத்திரி இருக்கிறது.

ஃபைலை மேலே வைக்காமல், பக்கத்தில் வைக்காமல், நெஞ்சோடு இடுக்கிக்கொண்டு அம்மாவுக்குப் போன் போட்டாள். ஃபேக்டரியில் உள்ளே போகிறவர்கள் போனைக் கேட்டில் ஒரு மரப்பெட்டியில் போட்டுவிட்டுப் போக வேண்டும்; சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் எடுக்கலாம். தெரிந்தும் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டார். கடைசி ஸ்டாப்பைச் சொல்லிவிட்டு, சில்லறைக்குக் கையை எடுக்க மனமில்லாமல், பூட்டின பெட்டிக்குள் அறுபது போனுக்கு நடுவே அந்த ஒன்று அடித்துக்கொண்டிருப்பதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள்.